விட்டுப் படித்த பக்கங்கள்

ஆறு மணிக்கு மெய்யநாதன் செட்டியார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஒன்பது வரைதான் மைக்குக்கு அனுமதி. பள்ளிக்கூடங்களில் பரீட்சை நெருங்குகிறது என்று ஸ்டேஷனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மற்ற வருஷங்களில் மாசி மாதக் காமன் பண்டிகைக்கு லாவணி தொடங்கினால் விடிந்த பிறகும் மானகிரிக்காரர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் மட்டும் மூன்று மணி நேரத்துக்குள் யார் ஜெயித்தார் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியவர் செட்டியார்.

வீரலட்சுமி பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் இடப்புறம் இருந்தவர் அவள் புருஷன் கோட்டைச்சாமி. வலப்புறம் இருந்தவன் அவள் தம்பி நாகநாதன்.

சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்து சாம்பலானான் என்று பாடுவது எரிந்த கட்சி. எரியவில்லை, உருவம்தான் மறைந்தது என்று பாடுவது எரியாத கட்சி. ஒருவர் பாட்டிலேயே கேள்வி போடுவார். மற்றவர் டேப்பு என்கிற கைப்பறையைத் தட்டிக்கொண்டு அதே மெட்டில் பதில் சொல்ல வேண்டும். நடுவே கேலி உண்டு. எதிராளியின் மூக்கு, நடை, மாடு, மாமியார், எதை வேண்டுமானாலும் பாடலாம். பாட்டு வாங்கியவர் சிரிக்க வேண்டும். முகம் சுளித்தால் அங்கேயே தோல்வி. சபைக்கும் முறை இருந்தது. டேப்பு நிற்கும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது. குத்து சரியாக விழுந்தால் பாட்டின் கடைசிச் சொல்லைக் கூட்டம் திருப்பிச் சொல்லும். சொந்தம், பகை என்று பார்க்காமல் எல்லோரும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பவரைப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார்.

கோட்டைச்சாமி பதினைந்து வருஷமாக எரிந்த கட்சி. தோற்றதில்லை. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு, புலவர் என்பார்கள். மேடையில் அவர் முன்னால் பட்டுத்துணி சுற்றிய புத்தகம் ஒன்று இருக்கும். பாடத் தொடங்குமுன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிரிப்பதில்லை.

அவருக்கு எழுத்துத் தெரியாது.

அது வீரலட்சுமிக்குத் தெரியும். பின்பாட்டுப் பாடும் சின்னக்கருப்புக்கும் தெரிந்திருக்கலாம். காட்டிக்கொண்டதில்லை. சபையிலிருந்து கேள்வி எழுதிச் சீட்டு வந்தால் கோட்டைச்சாமி மடியைத் தடவிப் பார்ப்பார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேனே என்பார். சீட்டைச் சின்னக்கருப்பிடம் நீட்டுவார். சின்னக்கருப்பு உரக்கப் படிப்பான். பதினைந்து வருஷமாக அவர் கண்ணாடியை மறந்துகொண்டிருந்தார். புலவருக்குப் பாட்டைத் தவிர வேறெதுவும் ஞாபகம் இருக்காது என்று ஊர் அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டது.

கல்யாணமாகி வரும்போது வீரலட்சுமி எட்டாவது வரை படித்திருந்தாள். மூன்றாம் மாதம் ஒரு நாள், விளக்கு வைத்த பிறகு, அவர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். சந்தையில் வாங்கிய காமன் கதை, பெரிய எழுத்தில் அச்சடித்தது. படி என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினம் ஒரு மணி நேரம். புத்தகம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு முறை கேட்டதை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வார். பகலில் இருவருக்கும் பேச்சு அதிகமில்லை. வயலைப் பற்றி ஒரு வார்த்தை, மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையில்லாத வீடு. அந்த ஒரு மணி நேரந்தான் அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

நாகநாதன் காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். இருபத்தேழு வயதிலேயே கண்ணாடி போட்டுவிட்டான். போன வருஷம் நாட்டரசன்கோட்டையில் எரியாத கட்சிக்காக முதன்முதலில் மேடையேறி, மூன்றாவது கேள்வியில் வாயடைத்து இறங்கினான். மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்து இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். தனக்கு இது வராது, டேப்பை விற்றுவிடப் போகிறேன் என்றான். அவனைத் தேற்றத்தான் வீரலட்சுமி சொன்னாள். ஓர் எழுத்துத் தெரியாமல் காதால் கேட்டே உன் மச்சான் இத்தனை பாடுகிறார், நாள் முழுக்க எழுத்திலேயே கிடக்கிற உனக்கு என்ன கேடு என்றாள். சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பதினாலு வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாத பெருமை அது. நாகநாதன் அவளைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. நாகநாதன் மச்சானுடைய மீசையைப் பாடினான். கோட்டைச்சாமி பதிலுக்கு அவன் தொழிலைப் பிடித்தார்.

"ஈய எழுத்த எடுத்தெடுத்து
வரிசையாக் கோக்கத் தெரியும் மாப்ளைக்கு
இடுப்பு வேட்டி எறங்கி வந்தா
இழுத்துக் கட்டத் தெரியலை."

நாகநாதனுடைய வேட்டி உண்மையிலேயே இறங்கியிருந்தது. தெரியலை என்று கூட்டம் கத்தியது. வீரலட்சுமியும் சொன்னாள். நாகநாதன் முறைப்படி சிரித்தான், வேட்டியை இறுக்கிக்கொண்டு சபையைக் கும்பிட்டான்.

ஏழரை மணிக்கு அவன் ஒரு கேள்வி போட்டான். புருஷன் எரிந்தான் என்கிறீர்களே, அவன் பெண்டாட்டி ரதி சிவன் முன்னால் போய் நின்று முதலில் சொன்னது என்ன?

கோட்டைச்சாமி டேப்பை இரண்டு சுற்று வெறுமனே தட்டினார்.

அந்தப் பக்கங்களை வீரலட்சுமி அவருக்குப் படித்துக் காட்டியதே இல்லை. ரதி வளையலை உடைக்கிறாள், தாலியைக் கழற்றிச் சிவன் காலடியில் போடுகிறாள், எனக்கு இனி யார் என்று கேட்கிறாள். மூன்று தாள் நெடுக அதுதான். விளக்கு வைத்த நேரத்தில், கழுத்தில் தாலியோடு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தைகளை எப்படி வாயால் சொல்வது? முதல் தடவையே மூன்று தாளையும் சேர்த்துப் புரட்டிவிட்டாள். ரதி அழுதாள், சிவன் வரம் கொடுத்தார் என்று இரண்டு வார்த்தையில் முடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது அவள் விரல் தானாகவே மூன்று தாளைத் தள்ளியது. இது லாவணியில் யாரும் கேட்கிற கேள்வியுமில்லை. புத்தகத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தவனுக்குத்தான் தோன்றும்.

கோட்டைச்சாமி பாடினார். அப்படி எதுவும் கதையில் இல்லை, ரதி அழுதாள், ஐயன் வரம் கொடுத்தான், இல்லாததைக் கேட்டுச் சபையை ஏமாற்றாதே என்று பாடினார். பாடிக்கொண்டே பட்டுத்துணிமேல் கையை வைத்தார்.

நாகநாதன் தன் பையிலிருந்து அதே புத்தகத்தை எடுத்தான். ஒரு பக்கத்தைப் பிரித்துச் செட்டியாரிடம் கொடுத்தான். செட்டியார் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டு, இருக்கிறது என்று மைக்கில் சொன்னார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. கோட்டைச்சாமி சிரித்தார். வயசாயிற்று, மறந்துபோனேன் என்று ஒரு வரி பாடிச் சமாளித்தார். பாடி முடித்ததும் பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பாடியது வேறு மாதிரி இருந்தது. கேலியைக் குறைத்தார். கேள்விமேல் கேள்வி போட்டார். எட்டே முக்காலுக்கு, மேடைக்கு எதிரே நட்டிருந்த காமன் கம்பத்தைக் கையால் காட்டி, கடைசிக் கேள்வியைப் போட்டார். மன்மதன் எரியவில்லை என்றால் வருஷா வருஷம் இந்தக் கம்பத்தை நட்டுக் கொளுத்துகிறீர்களே, நீங்கள் கொளுத்துவது யாரை?

ஆண்கள் பக்கம் துண்டுகள் சுழன்றன. நாகநாதன் டேப்பைத் தட்டினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. செட்டியார் கடிகாரத்தைப் பார்த்தார். வீரலட்சுமி தம்பிக்காகக் கொஞ்சம் வருந்தினாள். அதைவிட அதிகமாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

நாகநாதன் டேப்பைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். விழா நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி நாலாக மடித்தான். எழுந்து மச்சான் முன்னால் வந்து நின்றான். சின்னக்கருப்பு வழக்கப்படி கையை நீட்டினான். அவனுக்குக் கொடுக்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிச் சீட்டோடு சேர்த்து நீட்டிப் பாடினான்.

"கண்ணாடி மறந்து வந்த
கவிராயரே மச்சானே
என் கண்ணாடி தாரேன் போட்டுக்
காயிதத்தப் படிங்க."

கோட்டைச்சாமி வாங்கிக்கொண்டார். கேலியை மறுக்கக் கூடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதன் ஒரு பக்கக் காது உடைந்து வெள்ளை நூலால் கட்டியிருந்தது. அந்தப் பெரிய முகத்தில் அது ஒரு கண்ணுக்கு மேலேயும் ஒரு கண்ணுக்குக் கீழேயுமாக நின்றது. அவர் சபைக்காக மீசையை வேறு முறுக்கிக் காட்டினார். கூட்டம் உருண்டது. படிங்க, படிங்க என்று கத்தியது. வீரலட்சுமிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து, படிங்க என்று அவளும் கத்தினாள்.

சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அது என்ன சொல் என்று அவளுக்கு விளங்கியது.

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூட அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

கோட்டைச்சாமி சீட்டைப் பிரித்தார். படிக்கிறவர்கள் பிடிக்கிற தூரத்தில் பிடித்தார். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார். கனைத்துக்கொண்டார். மாப்பிள்ளை நல்ல கேள்விதான் எழுதியிருக்கிறார், மன்மதன் வில் எதனால் ஆனது, நாண் எதனால் ஆனது என்று கேட்கிறார் என்றார். டேப்பை எடுத்துப் பதில் பாடினார். வில் கரும்பு. நாண் வண்டுகளின் வரிசை. அம்பு ஐந்து, ஐந்தும் பூ. எரியும்போது முதலில் பற்றியது நாண், வண்டுகள் பறந்துபோயின, கரும்பு கடைசிவரை நின்று பாகாக உருகி ஓடியது. புத்தகத்தில் இல்லாதது அது. அந்த நிமிஷத்தில் அவராகக் கட்டியது. பதினைந்து வருஷத்தில் அவர் இவ்வளவு நன்றாகப் பாடி வீரலட்சுமி கேட்டதில்லை.

நாகநாதன் முறை தவறவில்லை. பாட்டு முடிந்து டேப்பு நிற்கும்வரை காத்திருந்தான். பிறகு இரண்டு கையாலும் சீட்டைத் திரும்ப வாங்கிச் செட்டியார் முன்னால் வைத்தான்.

செட்டியார் ஒருமுறை மனசுக்குள் படித்தார். மறுபடி படித்தார். கடிகாரத்தில் ஒன்பதுக்கு நாலு நிமிஷம் இருந்தது. சபையில் வந்த சீட்டைச் சபையில் படித்தாக வேண்டும். மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நான் தோற்றேன். மச்சான் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்படிக்கு நாகநாதன்."

ஒன்றும் விளங்காமல் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவன், அப்ப அந்த வில்லு யாரு கேட்டது என்றான். யாரோ சிரித்தார்கள். பிறகு அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. திருப்பிச் சொல்ல அதில் கடைசிச் சொல் எதுவும் இருக்கவில்லை. வெறும் சிரிப்பு.

சீட்டின்படி ஜெயித்தவர் கோட்டைச்சாமி. செட்டியார் வேறு வழியில்லாமல் அதையே அறிவித்தார். எரிந்த கட்சிக்கு வெற்றி, மானகிரி புலவர் கோட்டைச்சாமி அவர்கள் என்றார். புலவர் என்ற இடத்தில் சிரிப்பு மறுபடி எழுந்தது. தோற்றவன் ஜெயித்தவருக்கு மாலை போட வேண்டும். நாகநாதன் போட்டான். கோட்டைச்சாமி குனிந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடி இன்னும் முகத்தில் இருந்தது. அதைக் கழற்றி, துண்டால் இரண்டு கண்ணையும் துடைத்து, மடக்கிக் கொடுத்தார்.

இரண்டு கட்சியும் ஒரே பந்தியில் சாப்பிடுவது வழக்கம். பாடியதைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள். நாகநாதன் மச்சானுக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தான்.

"மேடையில பாடுனது மேடையோட போச்சு. மனசுல வச்சுக்கிடாதீக மச்சான்."

"அதுக்கென்ன மாப்ள. நல்லாத்தான் போட்டே" என்றார் கோட்டைச்சாமி. மாப்பிள்ளை இலையில் ரசம் ஊற்றச் சொன்னார். பெரிய மனுஷன் என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள்.

கை கழுவ வந்த தம்பியை வீரலட்சுமி கொல்லைப்பக்கம் பிடித்தாள். இதற்காகவா உன்னிடம் சொன்னேன் என்று கேட்டாள். அவன் கோபப்படவில்லை. அந்தச் சீட்டில் பொய்யாக ஓர் எழுத்து உண்டா என்று கேட்டான். தோற்றேன் என்று தானே எழுதிக் கொடுத்ததை, ஜெயித்த மாலையைத் தானே போட்டதைச் சொன்னான். மச்சானே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன என்றான். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போகும்போது நின்றான்.

"நீயுந்தானக்கா சிரிச்சே."

வீட்டுக்குப் போகும் வழியில் கோட்டைச்சாமி அவளுக்கு முன்னால் நடந்தார். வழக்கத்தைவிட வேகமாகவோ மெதுவாகவோ நடக்கவில்லை. மாலையைப் பிள்ளையார் கோயில் வாசலில் மாட்டிவிட்டு வந்தார். படுக்கப் போகுமுன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று மட்டும் கேட்டார். அவள் வைத்தேன் என்றாள்.

மறுநாள் காலையில் டீக்கடையில் நடந்ததைப் பக்கத்து வீட்டு மீனாள் வந்து சொன்னாள். கடைக்காரர் பெத்தன் எப்போதும் போலப் பேப்பரைப் புலவர் பக்கம் தள்ளியிருக்கிறார். அவர் அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு டீ குடிப்பது வழக்கம். தள்ளிய கையோடு பெத்தனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பேப்பரைத் திரும்ப இழுத்துக்கொண்டார். கேலிக்கு இல்லை ஆத்தா, பாவம், பதறிப்போய்த்தான் இழுத்தார் என்றாள் மீனாள். புலவர் டீயை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாராம்.

அன்று வீரலட்சுமி நேரத்தோடு விளக்கு வைத்தாள். பாயை விரித்தாள். புத்தகத்தை எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எடுத்தால் ஒன்று, எடுக்காவிட்டால் ஒன்று. அடுப்படியில் வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டாள்.

அவரே எடுத்து வந்தார். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்து பட்டுத்துணியைப் பிரித்தார். புத்தகத்தை அவள் மடியில் வைக்கவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் புரட்டினார். எல்லாத் தாளும் ஓரம் நைந்து, விரல் பட்டுக் கறுத்திருந்தன. பாதிக்கு மேல் ஓரிடத்தில் கை நின்றது. மூன்று தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளுப்பாக இருந்தன. நகத்தால் நெம்பிப் பிரித்தார். விரிந்த பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் சொன்னாள். விளக்கு வைத்த நேரத்தை, தாலியை, அவர் ஆயுசை நினைத்துத்தான் தள்ளியதை, வேறொன்றுமில்லை என்பதைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அவர் படி என்றார்.

அவள் படித்தாள். ரதி வளையலை உடைத்தாள். தாலியைக் கழற்றினாள். எனக்கு இனி யார் என்று கேட்டாள். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் அன்று மூடவில்லை. அவள் வாயைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார், மறுபடி அவள் வாயைப் பார்த்தார். மூன்று தாளும் முடிந்தது. வழக்கமாக அவர் திருப்பிச் சொல்லும் நேரம். அவள் காத்திருந்தாள். அவர் விரிந்த பக்கத்தின்மேல் கையை வைத்தார்.

"இதையும் சேத்து, இத்தனை வருசமா நீ படிச்சது எல்லாம் இதுல இருக்கிறதுதானான்னு நான் யாருகிட்டக் கேக்குறது?"